அரைவாசி அண்ணையும் மகளின் துவக்கும்

கனடாவில், ஸ்காபரோவில் எங்கள் ஆட்கள் வாங்கிய சாமான்கள் அத்தனையையும் தராசின் ஒரு தட்டில் ஏற்றினாலும், அரைவாசி அண்ணை வாங்கவிடாமல் தடுத்த சாமான்கள் இருக்கிற தட்டுத்தான் கீழே போகும்.

அவருடைய சொந்தப் பெயர் தபால்காரருக்கு மட்டுமே தெரியும். மிசிசாகாவில் ஒரு தொழிற்சாலையில் திருகாணிகளை அளந்து, பிழையானதைக் கழிப்பது அவருடைய வேலை. சனி, ஞாயிறுகளில் எங்கள் அடுக்குமாடியில் மற்றவர்களின் ஆசைகளை அளந்து கழிப்பார். கையில் இருக்கிற காசில் அரைவாசிக்குத்தான் பொருள் வாங்கலாம், மற்ற அரைவாசி அந்தப் பொருள் வீட்டுக்கு வந்தபிறகு கேட்கப்போகிற சாப்பாட்டுக்கு. இதுதான் அவருடைய ஒரே சட்டம். கார் வாங்க ஆசைப்பட்ட ஒருவருக்கு இன்சூரன்ஸ், பனிக்கால ரயர் என்று அண்ணை விளங்கப்படுத்தினார். அந்த மனிதர் கடைசிவரை பஸ்ஸில்தான் போனார். ஏழாம் மாடிக்காரர் மட்டும் அண்ணையைக் கேளாமல் ஒரு பெரிய சோபா வாங்கினார். அது லிஃப்ட்டுக்குள் போகவில்லை. மூன்று நாள் கீழே வாசலில் கிடந்தது. அண்ணை வேலையால் வந்து, மூன்று நாளும் அதில் ஐந்து நிமிடம் இருந்து களைப்பாறிவிட்டுத்தான் மேலே போனார்.

தொண்ணூறுகளின் நடுப்பகுதி. என் மகள் தர்சினிக்குப் பதினாறு வயது. சிநேகிதியோடு கடேற் என்கிற மாணவர் படையில் சேர்ந்தாள். அணிவகுப்பு, சப்பாத்துக்குப் பொலிஷ், அவ்வளவுதான் என்று நினைத்தோம். அங்கே காற்றுத் துவக்கால் கடதாசியைச் சுடப் பழக்கியிருக்கிறார்கள். ஒரு நாள் ஒரு கடதாசியைக் கொண்டுவந்து காட்டினாள். ஐந்து தரம் சுட்டதாம், ஐந்தும் போன ஓட்டை ஒன்றுதான் இருந்தது. பயிற்றுநர் அவளை ஒரு கழகத்தில் சேர்ந்து போட்டிக்குப் போகச் சொன்னாராம். அதற்குக் காற்றுத் துவக்கு போதாது, தோட்டா போடுகிற சொந்தத் துவக்கு வேண்டும். டோனட் கடையில் வேலை செய்து சேர்த்த ஆயிரம் டொலரும் அவளிடம் இருந்தது.

நான் துவக்குச் சத்தத்துக்குப் பயந்து நாட்டை விட்டு வந்தவள். இன்றைக்கும் பக்கத்து வீட்டில் கதவை அடித்துச் சாத்தினால், பிள்ளைகள் எங்கே என்றுதான் முதலில் தேடுவேன். அந்தச் சாமானை நானே காசு கொடுத்து வீட்டுக்குள் எடுப்பதா? தகப்பனைக் கேட்டால், தாய் ஓமென்றால் தனக்கும் ஓம் என்றுவிட்டு இரண்டாவது வேலைக்குப் போய்விட்டார்.

"அம்மா, இட்ஸ் ஜஸ்ற் பேப்பர். நான் ஒருத்தரையும் சுடேல்லை" என்றாள் தர்சினி. அவள் அழுதிருந்தால் சமாளித்திருப்பேன். அழவில்லை. நேரே மறுத்தால் என்னோடு கதைக்கிறதை விட்டுவிடுவாள் என்று தெரிந்தது. அதனால் தந்திரமாக, அரைவாசி அண்ணை ஓமென்றால் எனக்கும் ஓம் என்று சொன்னேன். காருக்கே ஓமென்று சொல்லாத மனிதர் துவக்குக்கா சொல்லப்போகிறார்?

ஞாயிற்றுக்கிழமை அண்ணை வந்தார். தர்சினி கடைப் புத்தகத்தை விரித்து, பளபளக்கிற மரக்கட்டை போட்ட ஒரு துவக்கைக் காட்டினாள். அதன் விலையே அவளுடைய ஆயிரத்தையும் விழுங்கிவிடும். அண்ணை பேனையால் அதன்மேல் ஒரு கோடு போட்டார். "ஐந்நூறு. அதுக்குமேலை துவக்குக்கு ஒரு சதமும் இல்லை." பிள்ளையின் முகம் வாடியது. நான் அண்ணைக்கு இரண்டாவது தேத்தண்ணி போட்டேன், சீனி கொஞ்சம் கூட.

கழித்தல் கணக்கு வரும் என்று பார்த்துக்கொண்டு நின்றேன். மனிதரோ அந்தக் கிழமை முழுவதும் நூலகத்தில் இருந்து படித்துவிட்டு வந்திருக்கிறார். மற்ற ஐந்நூறில் பெரிய பங்கு தூரத்தைக் கிட்டக் காட்டுகிற ஸ்கோப்புக்கு, கண்ணுக்குத் தெரியாததைச் சுட ஏலாது என்றார். ஸ்கோப்பை ஆடாமல் பிடிக்கிற வளையத்தில் மிச்சம் பிடிக்கக்கூடாதாம். தோட்டாவில் நாலு வகையில் சின்னப் பெட்டி வாங்கிச் சுட்டுப் பார்த்து, துவக்குக்கு எது பிடிக்கிறதோ அதையே பிறகு மொத்தமாக எடுக்கவேண்டுமாம். பூட்டுப் பெட்டி, கழகத்துக் காசு எல்லாம் எழுதிவிட்டு, கடைசி வரியில் 'அம்மாவுக்குக் கோர்ஸ்' என்று எழுதினார்.

பிள்ளைக்குப் பதினெட்டு ஆகவில்லை. துவக்கு என் பெயரில்தான் வரவேண்டும். அதற்கு நான் பாதுகாப்பு வகுப்புக்குப் போய், சோதனை பாஸ் பண்ணி, அனுமதிப் பத்திரம் எடுக்கவேண்டும்.

"நான் அதைத் தொடமாட்டன் அண்ணை" என்றேன்.

"தொடாமல் பயப்பிடுறதிலை என்ன லாபம் தங்கச்சி? தொட்டுப்போட்டுப் பயப்பிடுங்கோ."

நான் வெட்டிய குழிக்குள் நானே விழுந்தேன். வகுப்பில் கட்டம்போட்ட சட்டைக்கார வேட்டைக்காரர்கள் இருபது பேருக்கு நடுவில், குளிர்க்கோட்டோடு நான் ஒருத்தி. துவக்கு வெறுமையா என்று மற்றவர்கள் ஒரு தரம் பார்த்தார்கள். நான் ஏழு தரம் பார்த்தேன். வகுப்பு எடுத்தவர் எல்லாரையும் நிறுத்தி, இந்த அம்மா செய்கிற மாதிரிச் செய்யுங்கள் என்றார். சோதனையில் அந்த வகுப்பில் நான்தான் முதலாம் ஆள். பயத்துக்குப் புள்ளி போடுகிற நாடு இது என்று அன்றைக்குத்தான் தெரிந்தது.

கடையில் விற்பனையாளர் பளபளப்பானதையே எடுத்து நீட்டினார். அண்ணை மூலையில் நின்ற பழையது ஒன்றைக் காட்டினார். கட்டை முழுக்கக் கீறல் என்று தர்சினி முகத்தைச் சுளித்தாள். "கட்டை கீறுப்பட்டால் தோட்டா வளைஞ்சே போகும்?" என்று கேட்டார். அதன் குழலுக்குள் அரை மணித்தியாலம் வெளிச்சம் அடித்துப் பார்த்தார். விற்பனையாளர் வியர்த்துப்போய் விலையில் இருபது டொலர் தானாகவே குறைத்தார்.

வசந்தத்தில் முதல் போட்டி. நகரத்துக்கு வடக்கே, பயிற்றுநரின் காரில் ஒரு மணித்தியாலம். தர்சினி உள்ளே போனாள். நான் காதடைப்பானோடு கார் தரிப்பிடத்திலேயே நின்றுவிட்டேன். அண்ணையும் நின்றார். காருக்குக் காவலாம். சுற்றிவரச் சோளவயலும் ஒரு மாடும்தான்.

உள்ளே வெடி தொடங்கியது. நான் கார்க்கதவைப் பிடித்துக்கொண்டேன். திரும்பிப் பார்த்தால், அண்ணை கம்பளித் தொப்பிக்குமேல் காதடைப்பான் போட்டு, கண்ணை இறுக மூடிக்கொண்டு நிற்கிறார். இடைவேளை விட்டதும் கேட்டேன், "அண்ணை, உங்களுக்குமோ?"

"ஓம் தங்கச்சி. எனக்கும் உந்தச் சத்தம் ஒத்துவராது."

"பிறகேன் ஓமெண்டு சொன்னனீங்கள்?"

மாட்டைப் பார்த்தபடி சொன்னார். "பயம் எங்கடை சாமான். பிள்ளைக்கேன் அதை வாங்கிக் குடுக்கவேணும்?"

கடைசிச் சுற்றுக்கு மணி அடித்தது. "வாங்கோ அண்ணை, உள்ளுக்குப் போவம்" என்றேன். திருகாணிக்கும் விற்பனையாளருக்கும் அசையாத மனிதர் என் கோட்டுக் கையைப் பிடித்துக்கொண்டு, முதல் நாள் பள்ளிக்கூடம் போகிற பிள்ளை மாதிரிப் பின்னால் வந்தார்.

தர்சினி எங்களைப் பார்க்கவில்லை. மூச்சை விட்டாள், நிறுத்தினாள், சுட்டாள். ஒவ்வொரு வெடிக்கும் நாங்கள் இரண்டு பேரும் ஒன்றாகத் துள்ளினோம். அவள் மட்டும் அசையவில்லை.

இளையோரில் முதலாமிடம் என்று அவளுடைய பெயரைத் தப்பும் தவறுமாக வாசித்தார்கள். சனம் கைதட்டியது. அண்ணை என் கோட்டுக் கையை இன்னும் விடவில்லை, கண் மட்டும் நிறைந்துபோய் இருந்தது. ஒரு கையால் எப்படித் தட்டுவது? மற்றக் கையால் அவருடைய தோளில் தட்டினேன், எங்கள் இரண்டு பேருக்குமாக.