பேரண்டப்பள்ளி வந்தால் என் சீன்

சூளகிரி,
ஞாயிற்றுக்கிழமை.

மரியாதைக்குரிய வெங்கடப்பன் அண்ணாவுக்கு,

முனிவேல் மகள் ஹரிணி எழுதுவது. தினமும் நீங்கள் ஓட்டுகிற கம்பெனி பஸ்ஸிலேயே வந்துகொண்டு உங்களுக்கே கடிதம் எழுதுவது உங்களுக்கு அதிகப்பிரசங்கித்தனமாகப் படலாம். மன்னித்துக்கொள்ளுங்கள். ஏறும்போது "வணக்கம்ணா", இறங்கும்போது "வர்றேண்ணா", இந்த இரண்டைத் தவிர மூன்றாவதாக ஒரு வாக்கியம் என் தொண்டையைத் தாண்டி வந்ததில்லை. எழுதினால்தான் வருகிறது. வீட்டில் எல்லோரும் சுகம். நீங்கள் சுகமாக இருப்பதை உங்கள் முதுகைப் பார்த்தே தினமும் தெரிந்துகொள்கிறேன். சரசம்மா அண்ணிக்கு என் வணக்கத்தைச் சொல்லுங்கள்.

விஷயம் இதுதான். நம் பஸ்ஸில் இருக்கிற டிவியைக் கழற்றச் சொல்லி அட்மின் ஆபீஸுக்கு ஒரு மனு போகப் போகிறது. மனு ரத்தினவேல் சாருடையது. பிரெஸ் ஷாப் சூப்பர்வைசர், திருநெல்வேலிக்காரர், கிருஷ்ணகிரியில் ஏறியதும் கைக்குட்டையை முகத்தில் போட்டுக்கொண்டு தூங்குவாரே, அவர்தான். வெள்ளிக்கிழமை சாயங்காலம் என் சீட்டுப் பக்கம் வந்து, "ஏம்மா, நீதான் டிகிரி படிச்ச புள்ள. நல்ல தமிழ்ல ஒரு மனு எழுதிக் குடு. இந்த டிவியப் போட்டு மனுசன உறங்க விட மாட்டேங்காரு. நீ எழுதுனா ஆபீஸ்ல ஒரு மதிப்பு இருக்கும்," என்றார். திங்கள்கிழமை கொடுக்க வேண்டும். வெள்ளைத் தாள் எடுத்து உட்கார்ந்தேன். அதில்தான் இப்போது உங்களுக்கு எழுதிக்கொண்டிருக்கிறேன். டிவி போனால் எனக்கும் ஒரு தொல்லை ஒழியும், அது உண்மை. ஆனால் ஆயுத பூஜைக்கு நீங்கள் ஸ்டியரிங்குக்குப் பொட்டு வைப்பதற்கு முன்னால் டிவிக்குப் பொட்டு வைத்ததை நான் பார்த்தேன். அதோடு, நான் வேலைக்குப் போவதாகச் சொன்ன அன்றைக்கு எங்கள் வீட்டில் பெரிய பேச்சு நடந்து, எல்லோரும் வேண்டாம் என்று முடித்த பிறகு, அப்பா மட்டும், "வெங்கடப்பன் வண்டின்னா போவட்டும். வேற வண்டின்னா வேணாம்," என்றார். உங்கள் வண்டியால் வேலைக்கு வந்தவளே உங்கள் டிவியைக் கழற்ற மனு எழுதினால் அது நன்றாக இருக்காது. எழுதாமல் விட்டால் தினமும் பேரண்டப்பள்ளி வருகிறது. அந்தத் தொல்லையைப் பிறகு சொல்கிறேன்.

முதலில் ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். நீங்கள் அந்த டிவியில் தினமும் போடுகிற எரிமலை ஸ்டார் உதயமாறன் யார் என்று எனக்கு முன்பெல்லாம் சரியாகத் தெரியாது. எங்கள் வீட்டில் யாராவது கூப்பிட்டால்தான் சினிமாவுக்குப் போவோம். உங்கள் பஸ்ஸில் ஏறிய பிறகு அவரைத் தவிர வேறு யாரையும் தெரியாது என்ற நிலைக்கு வந்துவிட்டேன். அதுவும் முழுதாக இல்லை. காலையில் கிருஷ்ணகிரியில் நீங்கள் படத்தைப் போட்டால், நான் சூளகிரியில் ஏறுவதற்குள் பெயர் போட்டு, அவர் கூரையைப் பிய்த்துக்கொண்டு அறிமுகமாகி, ஒரு பாட்டும் பாடி முடித்திருப்பார். கம்பெனி கேட்டில் இடைவேளை. சாயங்காலம் மீதியைப் போடுகிறீர்கள். கடைசிச் சண்டைக்கு அவர் சட்டைக் கையை மடிக்கிற நேரம் பார்த்துச் சூளகிரி வந்துவிடும், நான் இறங்கிவிடுவேன். தலையும் வாலும் கிருஷ்ணகிரிக்காரர்களுக்கு, நடு முண்டம் எனக்கு. இதனால் ஒரு தவறு நடந்தது. சேர்ந்த புதிதில் இதெல்லாம் ஒரே படம் என்று நினைத்துக்கொண்டேன். தினமும் அதே வெள்ளைச் சட்டை, அதே கூலிங் கிளாஸ், அதே அம்மா. திங்கள்கிழமை கலெக்டராக இருந்தவர் செவ்வாய்க்கிழமை லாரி ஓட்டினார். நேர்மையாக இருந்ததால் வேலை போய்விட்டது போலிருக்கிறது என்று வருத்தப்பட்டேன். புதன்கிழமை காலேஜில் உட்கார்ந்திருந்தார். லாரி ஓட்டிக்கொண்டே படிக்கிறார், பெரிய மனிதர்தான் என்று நினைத்தேன். அன்று சாயங்காலம் அந்த அம்மா அவர் மடியில் உயிரை விட்டார். மறுநாள் காலை நான் ஏறும்போது அதே அம்மா இட்லி ஊற்றிக்கொண்டிருந்தார். பக்கத்து சீட்டில் இருந்த பவளம் அக்காவிடம் மெதுவாக, "செத்ததுக்கு முன்னாடி நடந்ததக் காட்டறாங்களாக்கா?" என்று கேட்டேன்.

"யாரும்மா செத்தா?"

"அந்த அம்மா. நேத்து."

"அது வேற படம்மா."

"கலெக்டரு?"

"அதுவும் வேற படம்."

"அப்ப லாரி?"

அக்கா என் நெற்றியில் கை வைத்துச் சூடு இருக்கிறதா என்று பார்த்தார். மத்தியானத்துக்குள் அசெம்பிளி லைன் முழுக்க இந்தக் கதை போய்விட்டது. கிருஷ்ணகிரியில் இருந்து வருகிற, வெல்டிங்கில் வேலை பார்க்கிற சந்தோஷ் அன்றைக்குத்தான் எனக்கு "மேடம்" என்று பெயர் வைத்தது.

இப்போது நன்றாகப் பிரித்துப் பார்க்கத் தெரிகிறது. பெயர்கள் தெரியாததால் கலெக்டர் படம், லாரி படம், காலேஜ் படம் என்று நானே வைத்துக்கொண்டேன். என் அபிப்பிராயத்தைச் சொன்னால் கோபித்துக்கொள்ளக் கூடாது. கலெக்டர் படத்தில் அவர் ஒரு கையெழுத்துக்கூடப் போடுவதில்லை. மேசை மேல் ஏறி நடக்கிறார். முதல் பட்டதாரிச் சான்றிதழுக்காக நான் தாலுகா ஆபீஸில் எத்தனையோ நாள் நின்றிருக்கிறேன், அங்கே எவ்வளவு பெரிய அதிகாரியும் தரையில்தான் நடந்தார். லாரி படத்தில் மலைப்பாதையில் இரண்டு கையையும் விட்டுவிட்டு, பக்கத்தில் இருக்கிற பெண்ணைப் பார்த்துக்கொண்டு பாட்டு முழுவதையும் பாடுகிறார். அந்தப் பாட்டுக்கு நீங்களும் தலையை ஆட்டுகிறீர்கள். அது வரும்போதெல்லாம் முன் சீட்டுக் கம்பியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். சண்டைக் காட்சிகளில் அடிபடுகிறவர் கை மேலே படுவதற்கு முன்பே பறந்துவிடுகிறார். குவாலிட்டியில் எங்களுக்கு இப்படி ஒரு பீஸ் வந்தால் தேறாது என்று சிவப்புக் கூடையில் போட்டுவிடுவோம். அந்த அம்மாவாக வருகிறவருக்கு அவரைவிட வயது குறைவு என்று பார்த்தாலே தெரிகிறது, பாவம், தலையில் மாவைக் கொட்டி விட்டிருக்கிறார்கள். எல்லாவற்றையும்விட அவர் முகம். அம்மா செத்தாலும் அதேதான், காதலி வந்தாலும் அதேதான், புளிச்ச தண்ணீர் குடித்த மாதிரி. இது உங்களுக்குத் தெரிய நியாயமில்லை, ஏனென்றால் டிவி உங்கள் தலைக்குப் பின்னால் எங்களைப் பார்த்து இருக்கிறது. நீங்கள் ரோட்டைப் பார்த்துக்கொண்டு காதால் மட்டும் படம் பார்க்கிறீர்கள். வசனத்துக்கெல்லாம் உங்கள் உதடு அசைவதைக் கண்ணாடியில் பார்த்திருக்கிறேன். குரல் நல்ல குரல், அதை மறுக்க மாட்டேன். அவர் படங்களை ஒழுங்காகப் பார்க்கிற ஒரே ஆள் நீங்கள்தான் என்று எனக்குத் தோன்றியிருக்கிறது.

இனி பேரண்டப்பள்ளி. அவர் எந்தப் படத்தில் எந்த வேலை பார்த்தாலும், இடைவேளைக்குக் கொஞ்சம் முன்னால் படித்த பெண் ஒருத்தியை நிற்க வைத்துப் பாடம் சொல்வார். கலெக்டர் படத்தில் வக்கீல் பெண், லாரி படத்தில் டாக்டர் பெண். காலேஜ் படத்தில் அந்தப் பெண் லெக்சரர், இவர் மாணவர். மாணவருக்கு ஐம்பது வயது, கையில் ஒரே ஒரு நோட்டு, அதையும் விரலில் வைத்துச் சுற்றுவதோடு சரி. "புத்தகத்துல படிச்சது பாஸ் பண்றதுக்கு. என்கிட்ட படிக்கிறதுதான் வாழ்றதுக்கு," என்று கையை ஓங்கிச் சொல்வார். அந்தப் பெண் தலையைக் குனிந்துகொள்வாள். படத்தை நீங்கள் கிருஷ்ணகிரியில் போடுகிற நேரத்துக்கு இந்தச் சீன் சரியாகப் பேரண்டப்பள்ளி காட்டுப் பக்கம் வருகிறது. உங்களுக்குப் பிடித்த வசனம் என்பதால் கையை நீட்டிச் சத்தத்தைக் கூட்டி வைக்கிறீர்கள். உடனே முன் வரிசையில் இருந்து சந்தோஷ் திரும்பி, "மேடம், உங்க சீன் வந்துகினு இருக்குது," என்பான். மொத்த பஸ்ஸும் திரும்பி என்னைப் பார்க்கும். தூங்குகிற ரத்தினவேல் சார்கூடக் கைக்குட்டையை விலக்கிப் பார்ப்பார். இந்த பஸ்ஸில் டிகிரி படித்த பெண் நான் ஒருத்திதான். திரையில் அந்தப் பெண் தலையைக் குனிகிற அதே நேரத்தில் நானும் குனிந்து டிபன் பாக்ஸ் மூடியைச் சரி செய்வேன். சரியாக இருக்கிற மூடியை எத்தனை நாள்தான் சரி செய்வது, அண்ணா. அந்த லெக்சரர் பெண் சாயங்காலம் காலேஜ் விழாவில் மைக்கைப் பிடித்து, "நான் ஒண்ணு சொல்லணும்," என்கிறாள், அதற்குள் சூளகிரி வந்துவிடுகிறது. என்ன சொல்லப் போகிறாள், மன்னிப்புத்தான் கேட்பாள். அவர் படத்தின் முடிவு எதுவும் எனக்குத் தெரியாது, தெரிந்துகொள்ள ஆசையும் இல்லை.

நீங்கள் இதைத் தெரிந்து செய்யவில்லை என்று எனக்குத் தெரியும். ரோட்டைப் பார்த்து ஓட்டுகிறவருக்கு, பின்னால் யார் யாரைத் திரும்பிப் பார்க்கிறார்கள் என்று எப்படித் தெரியும். அதனால் மனு எழுதவில்லை. டிவி இருக்கட்டும். பேரண்டப்பள்ளி வரும்போது மட்டும் சத்தத்தைக் கூட்டாமல், முடிந்தால் முழுதாகவே குறைத்துவிடுங்கள். காடு தாண்டியதும் திரும்ப வைத்துக்கொள்ளலாம். ரத்தினவேல் சாரிடம் ஏதாவது சொல்லிச் சமாளித்துக்கொள்கிறேன்.

உங்கள் வண்டி பஞ்சர் இல்லாமல், பிரேக் பிடித்த இடத்தில் நின்று, எல்லோரையும் இதே போல் கொண்டுவந்து சேர்க்கட்டும். எழுதியதில் மரியாதைக் குறைவு இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

பணிவுடன்,
மு. ஹரிணி

பின்குறிப்பு: இன்று வியாழக்கிழமை. இந்தக் கடிதத்தைத் திங்கள்கிழமை கொடுக்கத்தான் கொண்டுவந்தேன். "வணக்கம்ணா" மட்டும் வந்தது, கை பைக்குள்ளேயே இருந்துவிட்டது. செவ்வாய்க்கிழமை நீங்கள் காலேஜ் படத்தைப் போட்டீர்கள். பேரண்டப்பள்ளி வந்தது, சத்தத்தைக் கூட்டினீர்கள். சந்தோஷ் திரும்பி, "மேடம், உங்க சீன். நோட்ஸ் எடுத்துக்கோங்க," என்றான். நான் டிபன் பாக்ஸைத்தான் தேடினேன். அன்றைக்குப் பார்த்து அது பவளம் அக்கா மடியில் இருந்தது. குனிவதற்கு எதுவும் இல்லாததால் பேச்சு வந்துவிட்டது.

"அந்தப் பொண்ணு படிச்சு முடிச்சு வேலைக்கே வந்துட்டாங்க. உங்க தலைவரு அம்பது வயசுலயும் பரீட்சை எழுதாம நோட்டச் சுத்தினு இருக்காரு. யாரு யாருக்குப் பாடம் நடத்தறது?"

கைக்குட்டைக்குள் இருந்து ரத்தினவேல் சார்தான் முதலில் சிரித்தார். பிறகு பஸ் முழுக்கச் சிரித்தது. பவளம் அக்கா, "அட, இந்தப் புள்ளைக்கு வாய் இருக்குதா?" என்று என் தொடையில் அடித்தார். சந்தோஷ்கூட, "பாயிண்ட்டுதான் மேடம்," என்றான். நான் கண்ணாடியைப் பார்த்தேன். நீங்கள் சிரிக்கவில்லை. கையை நீட்டி டிவியை அணைத்தீர்கள்.

அன்று சாயங்காலமும் போடவில்லை, நேற்றும் இன்றும் போடவில்லை. பேரண்டப்பள்ளி வந்தால் இப்போது இன்ஜின் சத்தம் மட்டும்தான் கேட்கிறது. யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. நான் மேலே கேட்டது அப்படியே கிடைத்துவிட்டது, அது எனக்குப் பிடிக்கவில்லை. பவளம் அக்கா படம் பார்த்து அழுவதற்கு ஒன்றும் இல்லாமல் எனக்குக் கல்யாணப் பேச்சு எடுக்கிறார். ரத்தினவேல் சார் இன்று காலை என்னிடம் வந்து, "ஏம்மா, அந்த மனு எழுதிட்டியா? எழுதுனதக் கிழிச்சுப் போட்டுரு. சத்தமே இல்லாம மனுசன் எப்படிம்மா உறங்குவான்? டிவி வேணும்னு வேற ஒண்ணு எழுது," என்றார். செவ்வாய்க்கிழமை நான் சொன்னது உதயமாறனைப் பற்றித்தான், உங்களைப் பற்றி இல்லை. நீங்கள் குரலை மட்டும் கேட்கிறவர், அந்த நோட்டுச் சுற்றுவதை நீங்கள் பார்த்ததே இல்லை.

அதனால் மேலே எழுதியதை எல்லாம் விட்டுவிடுங்கள். டிவியைப் போடுங்கள், பேரண்டப்பள்ளியில் சத்தம் எவ்வளவு வேண்டுமானாலும் இருக்கட்டும். எனக்கு வேண்டியது வேறு ஒன்று. முடிவு தெரிந்துகொள்ள ஆசை இல்லை என்று எழுதியது பொய். ஒரே ஒரு நாள் காலையில், காலேஜ் படத்தை முதலில் இருந்து போடாமல், நான் சூளகிரியில் ஏறியதும் அந்த விழாவில் இருந்து போடுங்கள். மைக்கைப் பிடித்து அந்தப் பெண் என்ன சொன்னாள் என்று நான் கேட்க வேண்டும். மன்னிப்புத்தான் கேட்டாள் என்றால் அந்த இடத்தில் அணைத்துவிடுங்கள். வேறு எதைச் சொல்லியிருந்தாலும் சத்தத்தைக் கூட்டி வையுங்கள்.