நல்ல நேரத்தில் வாங்கிய கார்

ஒரு காட்டில், செல்போன் டவர் வந்து, தார் ரோடும் வந்து, புத்தி மட்டும் இன்னும் வழியில் வந்துகொண்டிருந்த ஒரு காட்டில், கச்சபேசன் என்று ஓர் ஆமை இருந்தார். முறைப்படி ‘இருந்தது’ என்றுதான் சொல்ல வேண்டும். ஆனால் வயதிலும் ஜாக்கிரதையிலும் அந்தக் காட்டில் அவரை மிஞ்ச ஆள் கிடையாது என்பதால் மரியாதை கொடுத்தே சொல்லிவிடுவோம்.

அவருடைய ஒரே மகள் மதனவல்லி. வடக்கே அல்லிக்குளத்தில் கட்டிக்கொடுத்திருந்தார். அவளுடைய முதல் ஈட்டில் குஞ்சு பொரிந்துவிட்டது என்று செய்தி வந்த மறுநிமிடமே கிளம்பினார். போய்ச் சேர்ந்தபோது பேரப்பிள்ளைகள் ஆளுக்கொரு குளத்தில் தனிக்குடித்தனம் போயிருந்தார்கள். ஆமைக் குலத்துக்கு இது ஒரு சாபக்கேடு. முட்டையை உடைத்துக்கொண்டு வெளியே வரும் குஞ்சு பெற்றவள் முகத்தைக்கூட நின்று பார்க்காது. நேரே தண்ணீரில் இறங்கிப் போய்விடும். பேரன் பேத்தி முகத்தைப் பார்க்க வேண்டுமானால் அந்த ஒரு நாள் அந்த மணல்மேட்டில் நின்றாக வேண்டும். அதற்குக் கொடுத்து வைக்கவில்லையே என்று கச்சபேசன் பல நாள் ஓட்டுக்குள் தலையை இழுத்துக்கொண்டு அழுதிருக்கிறார்.

இப்போது மகள் மறுபடியும் போன் செய்தாள்.

“அப்பா, குழி தோண்டி முட்டை வெச்சு மூடியாச்சு. கோடை மழைக்குப் பொரிஞ்சிடும். இந்தத் தடவையாவது வந்துடுங்கப்பா.”

“வர்றேம்மா. நடந்து வந்தாத்தானே லேட்டாகும்? கார்ல வர்றேன்.”

சொல்லிவிட்டாரே தவிர, கார் வாங்குவது என்ன கிழங்கு வாங்குகிற மாதிரியா? அந்தக் காட்டில் பழைய கார் வாங்கித் தலையில் துண்டு போட்டுக்கொண்டவர்கள் ஏராளம். மான் வாங்கிய காரின் முன்பாதி ஒரு வண்டி, பின்பாதி வேறொரு வண்டி; மேட்டில் ஏறும்போது இரண்டும் கருத்து வேறுபாட்டால் பிரிந்துவிட்டன. ஒட்டகச்சிவிங்கிக்குக் கூரையே இல்லாத வண்டியை ‘உங்களுக்காகவே செஞ்சது’ என்று சொல்லித் தள்ளிவிட்டார்கள். இதையெல்லாம் கேள்விப்பட்டிருந்த கச்சபேசன் அவசரப்படவில்லை. ‘ஏமாறாமல் பழைய கார் வாங்குவது எப்படி’ என்று கிளி ஒன்று போட்டிருந்த வீடியோக்கள் அத்தனையையும் பார்த்தார். புரியாததைத் திருப்பிப் பார்த்தார். புரிந்ததையும் திருப்பிப் பார்த்தார். பிறகு ஒரு காந்தத்தையும் டார்ச் லைட்டையும் எடுத்துக்கொண்டு, நரி சம்புலிங்கத்தின் கார் கடைக்குப் புறப்பட்டார்.

நரி வாசலுக்கே வந்து வரவேற்றது.

“வாங்க சார். உங்களுக்குன்னே ஒரு வண்டி வந்திருக்கு. ஒரே ஓனர். லேடி டாக்டர் ஓட்டினது. வீட்டுல இருந்து ஆஸ்பத்திரி, ஆஸ்பத்திரியில இருந்து வீடு, அவ்வளவுதான்.”

கச்சபேசன் மனதுக்குள் சிரித்துக்கொண்டார். லேடி டாக்டர் கதையை நம்பாதே என்பதுதான் கிளியின் முதல் பாடம். வேலையைத் தொடங்கினார். கதவு கதவாகக் காந்தத்தை வைத்துப் பார்த்தார். பட்டி பூசி மறைத்த இடம் ஒன்றுகூட இல்லை. டார்ச் அடித்து அடியில் துரு இருக்கிறதா என்று பார்த்தார். அவருடைய உயரத்துக்கு அது சுலபமாகவும் இருந்தது. மிதியடியைத் தூக்கி வெள்ளத்தில் நின்ற வாடை வருகிறதா என்று மோந்தார். கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்த்தும் ஒரு குறை அகப்படவில்லை.

“சரி, பானெட்டைத் திறங்க. எஞ்சினைப் பார்க்கணும். ஸ்டார்ட் பண்ணியும் காட்டணும்” என்றார்.

நரி வானத்தைப் பார்த்தது. காதைப் பொத்திக்கொண்டது.

“சார்! வியாழக்கிழமை, உச்சி சாய்ஞ்சாச்சு. ராகு காலம் ஓடிட்டிருக்கு. முதல் முதலா பானெட்டைத் திறக்கறதையும் சாவியைத் திருகறதையும் இந்த நேரத்துலயா செய்வாங்க? எனக்கென்ன, நான் விக்கறவன். ஓட்டப்போறது நீங்கதானே?”

கச்சபேசனுக்குத் தூக்கிவாரிப் போட்டது. அவர் ராகு காலத்தில் கண்ணைக்கூடத் திறக்காத ஆசாமி. கிளியின் வீடியோவில் இதைப் பற்றி ஒரு வார்த்தை இல்லையே என்று கோபம் வந்தது. கூடவே நரியின் மேல் கொஞ்சம் மதிப்பும் வந்தது. வியாபாரத்தைக் கெடுத்துக்கொண்டு நாள் கிழமை சொல்கிறவன் ஏமாற்றுக்காரனாக இருப்பானா?

அடுத்த முறை வெள்ளிக்கிழமை அதிகாலையில் நல்ல நேரம் பார்த்துத்தான் கிளம்பினார். ஆனால் ஆமை கிளம்புகிற நேரம் வேறு, போய்ச் சேருகிற நேரம் வேறு. சேர்ந்தபோது எமகண்டம் பிடித்திருந்தது. நரி இரண்டு கையையும் பிசைந்துகொண்டு நின்றது. அதற்கடுத்த முறை வந்தபோது சந்திராஷ்டமம். கச்சபேசனின் நட்சத்திரத்தைக் கேட்டு நரியே சொல்லித் திருப்பி அனுப்பியது.

இதற்குள் கோடை வெயில் ஏறிவிட்டது. மகளிடமிருந்து போன் வந்தபடி இருந்தது. “எப்பப்பா வர்றீங்க?” “இதோ எஞ்சினை மட்டும் பார்த்துட்டா கிளம்ப வேண்டியதுதாம்மா.”

கடைசியில் கிளியின் இன்னொரு பாடம் நினைவுக்கு வந்தது: தெரிந்த மெக்கானிக்கைக் கூட்டிக்கொண்டு போ. அவருக்குத் தெரிந்த மெக்கானிக் கரடி உலகநாதன். ஒரு புதன்கிழமை முற்பகல் இருவரும் போய் இறங்கினார்கள். கடையில் மேஜைமேல் ஒரு முழுத் தேனடை இருந்தது. கரடி அதையும் பார்த்தது, வண்டியையும் பார்த்தது.

“இப்பவாவது திறக்கலாமா?” என்றார் கச்சபேசன்.

“குளிகை சார்” என்றது நரி. “குளிகையில செய்யறது திரும்பத் திரும்ப நடக்கும்னு உங்களுக்குத் தெரியாததா? இப்ப ஸ்டார்ட் பண்ணினா, ஆயுசுக்கும் ஸ்டார்ட் பண்ணிக்கிட்டேதான் இருக்கணும். ஆனா வண்டி வாங்க இதைவிட நல்ல நேரம் கிடையாது. மேல மேல வாங்கிக்கிட்டே இருப்பீங்க.”

நியாயம்தான் என்று பட்டது. இருந்தாலும் ஜாக்கிரதை ஜாக்கிரதைதான். “உலகநாதா, திறக்காமலே பார்த்து ஒரு வார்த்தை சொல்லேன்” என்றார்.

கரடி மூடிய பானெட்மேல் காதை வைத்தது. கண்ணை மூடி வெகு நேரம் கேட்டது.

“அண்ணே, இத்தனை வருஷ சர்வீஸ்ல இவ்வளவு அமைதியான எஞ்சினை நான் பார்த்ததே இல்லை. ஒரு சின்னச் சத்தம்கூட இல்லை.”

கச்சபேசன் தம்முடைய ஆயுள்காலச் சேமிப்பை எடுத்து வைத்தார். ஆயுள் என்றால் நம்முடைய ஆயுள் இல்லை, ஆமையின் ஆயுள். சாவியைக் கையில் வாங்கித் திரும்பிப் பார்த்தபோது தேனடையும் இல்லை, கரடியும் இல்லை. அவசர வேலை போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டார்.

நரியின் கடைப் பையன்கள் வண்டியைத் தள்ளிக்கொண்டு வந்து வீட்டில் விட்டார்கள். முதல் ஓட்டம் நல்ல நேரத்தில் இருக்க வேண்டும் என்பதால் தள்ளுவதில் அவருக்கு ஆட்சேபணை இல்லை. முகூர்த்தத்துக்காகச் சில நாள் காத்திருந்தார். அந்த நாளும் வந்தது. மாலை போட்டு, சந்தனம் வைத்து, பூசணிக்காய் சுற்றி உடைத்து, நான்கு சக்கரத்துக்கும் எலுமிச்சம்பழம் வைத்தார். வானம் இருட்டிக்கொண்டு வந்தது. மண் வாசனை அடித்தது. ‘வந்துட்டேன் கண்ணுங்களா’ என்று சொல்லிக்கொண்டே சாவியைத் திருகினார்.

எலுமிச்சம்பழங்கள் நசுங்கவில்லை. மறுபடி திருகினார். கரடி சொன்ன அதே அமைதியோடு எஞ்சின் இருந்தது.

இறங்கி வந்து, நல்ல நேரத்திலேயே பானெட்டைத் திறந்தார். எஞ்சின் இருக்க வேண்டிய இடத்தில் ஒரு கீரிப்பிள்ளை குடும்பத்தோடு குடியிருந்தது. “கதவைச் சாத்துங்க, சாரல் அடிக்குது” என்றது.

அந்த நேரம் பார்த்து போன் அடித்தது.

“அப்பா, வந்துட்டாங்கப்பா! மண்ணைத் தள்ளிக்கிட்டு ஒவ்வொருத்தரா வர்றாங்க. எங்கப்பா இருக்கீங்க?”

“கார்லதாம்மா இருக்கேன்.”

“சீக்கிரம் வாங்க... ஐயோ, இறங்கறாங்க. ஒண்ணு அப்படியே உங்க மூக்கு. கடைசியா வந்தது கொஞ்சம் நின்னு நின்னு போகுதுப்பா, யாரையோ தேடற மாதிரி... அதுவும் போயிடுச்சு.”

கச்சபேசன் மழையில் நனைந்துகொண்டு மாலை போட்ட காரின் பக்கத்தில் வெகுநேரம் இருந்தார். முட்டை வைத்த செய்தி வந்த அன்றே நடக்க ஆரம்பித்திருந்தால், நடுவில் தூங்கிக்கூட எழுந்து, நிதானமாக மணல்மேட்டுக்குப் போயிருக்கலாம் என்பது அப்போதுதான் அவருக்கு உறைத்தது.

மழை விட்டதும் நேரே நரி கடைக்குப் போனார். வாழ்க்கையில் முதல் தடவையாக நேரம் பார்க்காமல் போனார்.

“எஞ்சின் இல்லாத வண்டியை என் தலையில கட்டிட்டியேடா பாவி!”

நரி எழுந்து நின்று நாற்காலியைத் துடைத்துப் போட்டது. அதன் குரலில் உண்மையான வருத்தம் இருந்தது.

“சார், மனசு விட்டுச் சொல்றேன். அந்த வண்டியைப் பார்க்க உங்களுக்கு முன்னாடி ஒரு குரங்கு வந்துச்சு. வீடியோவும் பார்க்கலை, நேரமும் பார்க்கலை. வந்த வேகத்துல உள்ளே குதிச்சு சாவியைத் திருகுச்சு, ஒண்ணும் வரலை, எனக்கு ஒரு அறை விட்டுட்டுப் போயிடுச்சு. அப்புறம் வந்த காட்டுப்பன்றி கேட்காமலே பானெட்டை முட்டித் தூக்கிடுச்சு. இந்த மாதிரி அவசரக் குடுக்கைங்ககிட்ட என்னால ஒரு வண்டிகூட விக்க முடியலை. உங்களை மாதிரி நாலையும் யோசிச்சு, நிதானமா, ஜாக்கிரதையா வாங்கறவங்களை நம்பித்தான் சார் நான் கடையே வெச்சிருக்கேன்.”

கச்சபேசன் சாவியை மேஜைமேல் எறிந்தார். இனி காரும் வேண்டாம், கிளியும் வேண்டாம். அடுத்த ஈட்டுக்கு இன்றைக்கே, இந்த நிமிடமே நடந்துவிடுவது என்று முடிவெடுத்தார். கண்ணைத் துடைத்துக்கொண்டு படியிறங்கி, அல்லிக்குளம் இருக்கும் திசையில் வலது காலைத் தூக்கினார்.

“சார், எந்தப் பக்கம் கிளம்பிட்டீங்க?” என்று பின்னாலிருந்து நரி பதறியது.

“வடக்கே. மக ஊருக்கு.”

“இன்னிக்குச் செவ்வாய்க்கிழமையாச்சே. வடக்கே சூலம் சார்!”

தூக்கிய கால் அப்படியே நின்றது. கச்சபேசன் கொஞ்ச நேரம் ரோட்டைப் பார்த்தார். பிறகு காலை மெல்லக் கீழே வைத்து, திரும்பி, படியேறி வந்து நாற்காலியில் உட்கார்ந்தார்.

“நல்ல வேளை சொன்னே தம்பி. இல்லேன்னா இந்தத் தடவையும் குழந்தைங்களைப் பார்க்க முடியாமப் போயிருக்கும்.”

நீதி: கார் வாங்கும்போது நேரத்தைப் பார்க்காதே, எஞ்சினைப் பார். இல்லை, நேரம் பார்த்தே தீருவேன் என்றால், விற்கிற பக்கம் நின்றுகொண்டு பார்.