கருப்பண்ணனுக்கு வந்த தலைசுற்றல்

ஞாயிற்றுக்கிழமை மாவ்பிக்குப் போவதில்லை என்று கருப்பண்ணன் தீர்மானித்துவிட்டார். அங்கே இருப்பது அவர் மச்சினன் உதயசூரியன் வீடு. விருந்து என்றுதான் கூப்பிடுவான். போய் இறங்கியதும் கையில் மூங்கிலைக் கொடுத்துக் கோழிக்கூண்டு கட்டச் சொல்வான். உதயசூரியன் வீட்டுக்குப் போனவன் அஸ்தமனம் வரை நிமிர முடியாது. வாரமெல்லாம் அலோன் துறைமுகக் கிடங்கில் சரக்கோடு மல்லுக்கட்டுகிற மனுஷனுக்கு, லீவு நாளிலும் கூலி வேலையா? நினைக்க நினைக்க அவருக்குப் பொங்கிக்கொண்டு வந்தது.

ஆனால் உமையாளிடம் "வரமாட்டேன்" என்று சொல்வதற்கு வேறு புருஷன் வேண்டும். ஆகவே சனிக்கிழமை காலை, குளியலறைக் கதவைப் பிடித்துக்கொண்டு மெதுவாகச் சரிந்தார்.

"உமையா, வீடே சுத்துது."

"அது பாட்டுக்குச் சுத்தட்டும். நீங்க படுங்க."

பெண்டாட்டி பதறக்கூட இல்லை. அதுவே அவருக்குப் பெரிய அவமானம். உமையாள் குடையை எடுத்துக்கொண்டு தெருமுனைச் சீன மருந்துக் கடைக்குப் போனாள். திரும்பி வந்து, பொட்டலத்தைப் பிரித்து அவர் மூக்கருகே நீட்டினாள். காய்ந்த கிழங்கு. கொக்கி கொக்கியாய் முள். உடைத்த சிப்பி ஓடு.

"தலைசுத்தலுக்குன்னே சீனாக்காரங்க காய்ச்சுற மருந்தாம். பக்கவாதம் வந்தவங்களுக்கும் குடுப்பாங்களாம். சும்மா விட்டா வாய் கோணிக்குமாம்."

"எனக்கு லேசாத்தான் சுத்துது."

"வீடே சுத்துதுன்னீங்க. வீடு என்ன லேசா?"

கட்டிலில் கிடந்தபடி, சமையலறையில் கரி அடுப்பை விசிறுவதையும் ஏதோ கொதிப்பதையும் கேட்டுக்கொண்டிருந்தார். வந்த கஷாயம் கரும்பச்சை. ஒரு மடக்கு உள்ளே போனதும் கருப்பண்ணனின் வாய் ஒரு பக்கமாக இழுத்துக்கொண்டது.

"பாத்தியா, உன் மருந்துதான் வாயைக் கோண வைக்குது."

"அப்ப வேலை செய்யுதுன்னு அர்த்தம். மிச்சத்தையும் குடிங்க."

பத்தியம் வேறு. டீக்கடைப் பக்கம் போகக் கூடாது. மீன் குழம்பு ஊற்றிய மொஹிங்கா நூடுல்ஸ் ஆகாது. வெற்றிலையை வாயில் அடக்கவே கூடாது. மதியம் உமையாள் மீன் வறுத்துச் சாப்பிட்டாள், அவருக்குக் கஞ்சி. உழைப்பது யார், கஞ்சி குடிப்பது யார் என்று கேட்கத்தான் நினைத்தார். வாயைத் திறந்தால் அடுத்த டம்ளர் வரும். மூடிக்கொண்டார். அப்படியும் வந்தது.

சாயங்காலம் எழுந்து உட்கார்ந்தார்.

"உமையா, அம்மன் சத்தியமா எனக்குத் தலை சுத்தல."

அன்று முழுவதும் அவர் சொன்ன முதல் உண்மை அதுதான்.

"அப்ப நாளைக்கு மாவ்பிக்கு வரலாம். முடியலேன்னா சொல்லுங்க, இன்னொரு சட்டி காய்ச்சி வச்சிட்டுப் போறேன்."

கருப்பண்ணன் மாவ்பியையே தேர்ந்தெடுத்தார்.

மறுநாள் பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்தவருக்கு மனசு ஆறவில்லை. பக்கவாதக்காரன் குடிக்கிற மருந்து. ஒரு குறையும் இல்லாத உடம்பில் போய் அது என்னென்ன செய்திருக்குமோ? நாடியைத் தொட்டுப் பார்த்தார். இருந்தது. கோபம் இன்னும் ஏறியது.

"ஏண்டி, கல்லு மாதிரி இருக்கிறவன் வயித்துல அந்த மருந்தை ஊத்தினியே, கொஞ்சமாவது யோசிச்சியா? ஒரு சுத்தலும் இல்லாதவனுக்கு..."

பாதியில் நாக்கைக் கடித்துக்கொண்டார்.

உமையாள் மடியிலிருந்த பையைத் திறந்து காட்டினாள். உள்ளே அதே பொட்டலம். கிழங்கும் முள்ளும் சிப்பி ஓடும் ஒரு துண்டு குறையாமல் இருந்தன.

"இது உதயசூரியன் மாமனாருக்கு. நிஜமாவே தலைசுத்தல் அவருக்குத்தான். வரும்போது வாங்கிட்டு வான்னு தம்பி முன்னமே சொல்லியிருந்தான்."

"அப்ப நான் குடிச்சது?"

"வேப்பிலையும் பாகற்காயும்," என்றாள் உமையாள், பையை மூடிக்கொண்டே. "நல்லா இருக்கிற மனுஷனுக்கு யாராவது மருந்து குடுப்பாங்களா?"