மேகத்துக்குச் சன்னல் சாத்திய கதை

உண்மை சொன்ன ஒன்பது வயதுப் பெண்ணை வகுப்புக்கு வெளியே நிறுத்தினேன். என் மதிப்பெண்ணுக்காக. எழுபதைத் தாண்டிவிட்டேன், இனியாவது சொல்லிவிடுகிறேன்.

ஆசிரியர் பயிற்சியின் கடைசிக் கட்டம், பேராசிரியர் பின்னால் அமர்ந்து பார்க்கப் பாடம் நடத்திக் காட்டுவது. எனக்கு வாய்த்தது தேவிகுளத்துக்கு அருகில், மலைமேல் ஒரு தேயிலைத் தோட்டப் பள்ளி. பாடம், மேகம். நானோ சமவெளியில் கோபாலபுரத்துக்காரன், மேகத்தை அண்ணாந்து மட்டுமே பார்த்தவன். பாடத்திட்டத்தில் என் கேள்விகளோடு, பிள்ளைகள் சொல்லப்போகும் பதில்களையும் நானே எழுதியிருந்தேன். (அப்படித்தான் எழுத வேண்டும். அது பிள்ளைகளுக்குத் தெரியாது என்பதுதான் சிக்கல்.)

“மேகம் எங்கே இருக்கும்?” என்றேன். நான் எழுதிவைத்த பதில்: வானத்தில்.

முன்வரிசையில் செல்வமேரி எழுந்தாள். “சார், அந்தா, சன்னல் வழியா உள்ள வருது!”

வந்துகொண்டுதான் இருந்தது. வெள்ளையாக, ஈரமாக, அவசரமே இல்லாமல். பிள்ளைகள் கைநீட்டிப் பிடிக்கப் போனார்கள். நல்ல வாத்தியார் என்றால் புத்தகத்தை மூடியிருப்பார். நான் சன்னலை மூடினேன்.

“அது பனி. மேகம் மேலதானுங்க இருக்கும்.” (பதற்றத்தில் சின்னப் பிள்ளைக்கே ‘ங்க’ போட்டுவிட்டேன்.)

“இல்ல சார், மேகந்தான். எங்கம்மா தெனமும் அதுக்குள்ளதான் கொழுந்து எடுக்குறாங்க.”

வகுப்பு சிரித்தது. பேராசிரியரின் பேனா அசைந்தது.

“வெளிய போய் நில்லு!” என்றேன். போனாள்.

பாடம் முடிந்ததும் பேராசிரியர் அவளைப் பற்றிக் கேட்டார். “எப்பவும் குழப்பம் பண்ற புள்ளதானுங்க சார்” என்றேன். அவள் பெயரையே அன்றுதான் தெரிந்துகொண்டிருந்தேன். வகுப்புக் கட்டுப்பாட்டுக்கு முழு மதிப்பெண் கிடைத்தது.

அன்று மாலையே மன்னிப்புக் கேட்கத் தொழிலாளர்களின் வரிசை வீடுகளான லயத்துக்குப் போனேன். அங்கே வாத்தியார் வீடு தேடி வந்தால் புகார் என்று மட்டுமே அர்த்தம். அது எனக்குத் தெரியாது. என்னைக் கண்டதும் அவள் அம்மா, முதுகுக் கூடையைக்கூட இறக்காமல், மகள் முதுகில் ஒன்று வைத்தார்.

“சாரு வீடு வரைக்கும் வரணுமா? என்னடி செஞ்ச?”

“ஐயோ, அவ ஒண்ணும் பண்ணலீங்க! தப்பு என்னோடதுங்க!”

“நீங்க நல்ல மனுசன், மறைக்கிறீக. அப்ப பெரிய தப்பாத்தான் இருக்கும்.” இன்னொன்று விழுந்தது.

நான் விளக்க விளக்க அவளுக்கு விழுந்தது. வாயை மூடியதும் நின்றது. பிறகு எனக்குப் பால் விடாத கட்டஞ்சாயா கொடுத்தார்கள். வெட்கமில்லாமல் குடித்தேன்.

மறுநாள் வகுப்பில் எல்லோர் முன்னாலும் சொன்னேன்: “செல்வமேரி சொன்னதுதான் சரி. நான் சொன்னது தப்பு.” பேராசிரியரிடம் மட்டும் கடைசிவரை சொல்லவில்லை. அந்த மதிப்பெண்ணில்தான் வேலை கிடைத்தது.

செல்வமேரி முதுகைத் தடவிக்கொண்டே எழுந்தாள்.

“இத நேத்தே இங்கன வச்சே சொல்லியிருக்கலாம்ல சார்?”