முறைப்படி இறக்கிய மெயில் சர்வர்

‘முறைப்படி’ என்ற சொல்லை யாராவது சொன்னால் நான் இப்போதும் ஓரடி தள்ளி நிற்பேன். கல்யாணப் பத்திரிகையில் அந்தச் சொல் இருந்தால்கூட, போகலாமா வேண்டாமா என்று யோசிப்பேன். (போவேன். பந்தியை விடுகிற ஆள் நானில்லை.) ஒரு வேலையை அரைகுறையாகத் தெரிந்தவன் பயந்து பயந்து செய்வான், ஒன்றும் கெடாது. முழுக்கத் தெரிந்தவன் நாலு பேரைக் கேட்டுச் செய்வான், அப்போதும் கெடாது. முக்கால்வாசி தெரிந்தவன் இருக்கிறானே, அவன்தான் முறைப்படி செய்வான். நான் அந்த முக்கால்வாசி.

அப்போது கல்யாணமாகிச் சில மாதங்கள்தான் ஆகியிருந்தன. சேலம் அஸ்தம்பட்டியில் குடியிருந்துகொண்டு ஒரு சாஃப்ட்வேர் கம்பெனிக்கு வீட்டிலிருந்தே வேலை பார்த்தேன். மாமனாருக்கு மல்லசமுத்திரத்துக்குப் பக்கத்தில் ரிக் தொழில், அதாவது போர்வெல் போடுகிற வண்டிகள். வீட்டை ஒட்டியே ரிக் நிற்கிற கொட்டகை, கொட்டகைக்குள் ஓர் ஆபீஸ் அறை, அதற்குள் செல்வியக்கா. ஆபீஸ் வேலை மொத்தமும் செல்வியக்கா தலையில்தான்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை விருந்துக்குப் போயிருந்தோம். சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது செல்வியக்கா வந்து, "மெயில் ரொம்பிப் போச்சுங்க. இனி ஒண்ணும் வராதுன்னு சொல்லுதுங்க" என்றார். அது இலவச மெயில் கணக்கு. ரிக்கில் போகிறவர்கள் ஊர் ஊராகப் பாறைத்தூளையும் தண்ணீர் பீய்ச்சி அடிப்பதையும் படமெடுத்து அனுப்பியே அதை நிரப்பியிருந்தார்கள். பழைய படங்களை அழித்தால் வேலை முடிந்தது. ஆனால் அத்தை அப்போதுதான் என் இலையில் மறுபடியும் கறிக்குழம்பு ஊற்றியிருந்தார். இவ்வளவு தின்றுவிட்டு ஏதாவது செய்து காட்ட வேண்டாமா?

"அழிக்கறதெல்லாம் எதுக்குங்க மாமா? நம்ம கம்பெனி பேர்லயே நாமளே ஒரு மெயில் சர்வர் வச்சுக்கலாம். நம்ம ஊட்லயே இருக்கும்."

மாமா சாப்பிடுவதை நிறுத்தினார். "ஊட்லயேவா? அப்படிக்கூடப் பண்ணலாமுங்களா மாப்ள?"

"கண்ண மூடிட்டுப் பண்ணலாமுங்க." (அப்படித்தான் பண்ணினேன்.)

என் மனைவி நித்யா தண்ணீர் சொம்பை வைத்துக்கொண்டே, "ஏனுங்க, உங்க போன்ல அலாரம் அடிச்சா எந்திரிக்க மாட்டீங்க, நாந்தான் எழுப்போணும். நீங்க சர்வர் வைக்கறீங்களா?" என்றாள். மாமா அவளை, "கம்முனு இரு சாமி, மாப்ள படிச்சவரு" என்று அடக்கினார். எனக்கு அப்படியே குளிர்ந்துபோயிற்று.

சும்மா கிடந்த பழைய கம்ப்யூட்டர் ஒன்றை ஆபீஸ் அறையில் வைத்தேன். கேபிள்காரரைப் பிடித்து மாறாத இணைய முகவரி ஒன்று வாங்கினேன். மெயில் சர்வரைக் கண்டெய்னர் முறையில் போட்டேன். அதை டிபன் கேரியர் மாதிரி வைத்துக்கொள்ளுங்கள். மெயிலை வாங்க ஓர் அடுக்கு, அனுப்ப ஓர் அடுக்கு, குப்பை மெயிலை வடிகட்ட ஓர் அடுக்கு. எந்த அடுக்கு கெட்டாலும் தூக்கிப் போட்டுவிட்டுப் புதிதாக ஒன்றை மாட்டிக்கொள்ளலாம். ஒன்றே ஒன்றில் கவனம் வேண்டும். வருகிற மெயிலை அடுக்குக்குள்ளேயே விட்டுவிடக் கூடாது, வெளியே ஹார்ட் டிஸ்க்கில் ஓர் இடத்தைக் காட்டிவிட வேண்டும். இல்லையென்றால் அடுக்கைத் தூக்கிப் போடும்போது மெயிலும் சேர்ந்து போய்விடும்.

அந்த இடத்தைக் காட்டுவதற்கு ஒரே ஒரு வரி எழுத வேண்டும். எழுதினேன், சத்தியமாக எழுதினேன். ஆனால் சோதித்துப் பார்க்கும்போது பழைய மெயில்கள் வந்து வந்து நின்றன. அதனால் அந்த வரிக்கு முன்னால் ஒரு குறியைப் போட்டு அதைத் தூங்க வைத்தேன். எல்லாம் முடிந்ததும் குறியை எடுத்துவிடலாம் என்று நினைத்தேன். எல்லாம் முடிந்த அன்று நாட்டுக்கோழிக் குழம்பு வைத்திருந்தார்கள்.

நான் அனுப்பிய முதல் மெயிலை மாமா ஊரெல்லாம் காட்டினார். அப்புறம் புது ரிக்கின் பக்கவாட்டில், போன் நம்பருக்குக் கீழே, மெயில் முகவரியையும் பெரிய எழுத்தில் பெயின்ட் அடிக்க வைத்துவிட்டார். அதைப் பார்த்தபோது எனக்கு நெஞ்சு விம்மியது. மடையன்!

அந்தப் புது ரிக்தான் அப்போது மாமாவின் கவலை. பக்கத்து ஊர்களிலெல்லாம் எவ்வளவு ஆழம் போட்டாலும் தண்ணீர் வராமல் பாறைத்தூள் புகைதான் வருகிறது என்று போர் போடுகிறவர்கள் குறைந்துவிட்டார்கள். வண்டி வாங்கிய நாளிலிருந்து கொட்டகையில் நின்றுகொண்டே இருந்தது. இந்த நேரத்தில் ஆப்பிரிக்காவிலிருந்து ஒருவர் எங்கள் புது முகவரிக்கு எழுதினார். கிராமங்களுக்குக் கிணறு போட ரிக்கும் ஆட்களும் வேண்டும் என்றார். பேச்சுவார்த்தை முழுக்க மெயிலில்தான் நடந்தது. கடைசியில் ஒப்பந்தத் தாள் வந்தது. விஜயதசமி சாயங்காலத்துக்குள் கையெழுத்துப் போட்டு அனுப்ப வேண்டும், இல்லையென்றால் வேறு ஆளைப் பார்த்துக்கொள்வேன் என்று எழுதியிருந்தார்.

"இது கெடைச்சா வண்டி கப்பலேறிருமுங்க மாப்ள. இல்லீன்னா வித்துப்போட வேண்டியதுதான்" என்றார் மாமா. செல்வியக்கா ஆபீஸ் போனில் தாளைத் திறந்து அவருக்கு வரிவரியாகப் படித்துக் காட்டினார். உடனே பிரிண்ட் எடுக்கட்டுமா என்று கேட்டார். மாமா மறுத்துவிட்டார். "விஜயதசமியன்னிக்கிக் காத்தால எடுக்கலாம். நல்ல நாள்ல கையெழுத்துப் போடோணும்."

ஆயுத பூஜை வந்தது. ரிக் குளித்து, மாலை போட்டு, வாழைக்கன்று கட்டிக்கொண்டு நின்றது. ஸ்பேனர், சுத்தியல், கம்ப்ரசர் எல்லாவற்றிலும் சந்தனமும் குங்குமமும். பூஜை அறையில் சாமி படத்துக்கு முன்னால் சின்னச் சாமான்களை அடுக்கியிருந்தார்கள். அத்தை செல்வியக்காவிடமிருந்து ஆபீஸ் போனை வாங்கி, அணைத்து, பொட்டு வைத்து ஸ்பேனர்களுக்கு நடுவில் வைத்தார். "இதும் வேல செய்யற சாமான்தானே, ஒரு நாளைக்கு ஓயட்டும்" என்றார். மாமா மட்டும் தன் போனைக் கொடுக்கவில்லை.

அத்தைக்கு அடுத்ததாக என் சர்வர் கண்ணில் பட்டது. "அது மட்டும் ஏனுங்க கிர்ருன்னு ஓடிட்டே இருக்குது?"

"அத நிறுத்தக் கூடாதுங்க அத்தை."

"ரிக்கே ஓயுது, அதுக்கென்ன சாமி?"

ரிக்கில் துளை போடுகிற டிரில்லர் ஒருவர் உதவியாக, "ஒயரப் புடுங்கி உடட்டுங்களா?" என்று கையை நீட்டினார். நான் பாய்ந்து தடுத்தேன்.

"அய்யய்யோ, அப்படியெல்லாம் பண்ணக் கூடாதுங்க! முறைப்படி இறக்கோணும்."

எல்லோரும் சுற்றி நின்று பார்த்தார்கள். சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டு உட்கார்ந்து, கண்டெய்னர்களை இறக்குகிற கட்டளையைத் தட்டினேன். ஒவ்வொன்றாக நின்றது, ஒவ்வொன்றாக அகற்றப்பட்டது என்று திரையில் வரிசையாக வந்தது. "பாத்தீங்களா, எவ்வளவு சுத்தமா எறங்குது" என்று மாமாவிடம் காட்டினேன். அத்தை கம்ப்யூட்டருக்குச் சந்தனம் வைத்தார். நான் கண்ணை மூடிக் கும்பிட்டேன்.

மறுநாள் விஜயதசமி. மாமா குளித்து, வெள்ளை வேட்டி கட்டி, சட்டைப் பையில் புதுப் பேனாவோடு ஆபீஸுக்கு வந்தார். பூஜை அறையில் அத்தை மறுபூசைக்கு ஏற்பாடு செய்துகொண்டிருந்தார். அது முடிந்தால்தான் சாமான்களை எடுக்கலாம். நான் சர்வரை ஏற்றினேன். புத்தம் புதிதாக, மின்னல் வேகத்தில் ஏறியது. எனக்குப் பெருமையாகக்கூட இருந்தது.

"மாப்ள, என்ற போன்ல பாஸ்வேர்டு தப்புங்குது" என்றார் மாமா.

போய்ப் பார்த்தேன். சர்வரில் மாமாவின் கணக்கே இல்லை. இந்த இடத்தில் மூளை உள்ள எவனும் பதறியிருப்பான். நான், "சின்னக் கோளாறுதானுங்க" என்று சொல்லிவிட்டு அதே பெயரில், அதே பாஸ்வேர்டில் கணக்கை மறுபடி உருவாக்கினேன். "இப்பப் பாருங்க."

மாமா போனைப் பார்த்தார். நானும் எட்டிப் பார்த்தேன். மெயில்கள் வரிசையாக இருந்தன. ஆப்பிரிக்காக்காரர் மெயில் மேலேயே இருந்தது. திரை ஒரு சுற்றுச் சுற்றியது. மறு நிமிஷம் ஒன்றுகூட இல்லை. வெறும் வெள்ளைத் திரை.

"எங்கீங்க போச்சு?" என்றார் மாமா.

அந்தக் குறி, அந்த ஒற்றை வரி, நாட்டுக்கோழி, எல்லாம் ஒட்டுக்கா ஞாபகத்துக்கு வந்தன. நேற்று நான் முறைப்படி இறக்கியபோதே மெயில்களும் கணக்குகளும் அடுக்கோடு குப்பைக்குப் போய்விட்டன. அதுவரை மாமாவின் போனில் மட்டும் நகல்கள் தப்பியிருந்தன. இப்போது நான் கணக்கைச் சரி செய்ததும், போன் சர்வரைக் கேட்டது. சர்வர் என்னிடம் ஒன்றுமே இல்லையே என்றது. போனும் நல்ல பிள்ளையாகத் தன்னிடம் இருந்ததை அழித்துக்கொண்டது. அடப்பாவி, கையைக் கட்டிக்கொண்டு சும்மா உட்கார்ந்திருந்தால்கூட அந்தத் தாள் இருந்திருக்கும்!

"மாப்ள, மூஞ்சி ஏன் இப்படி இருக்குது?"

"மாமா... அவரு போன் நம்பர் இருக்குங்களா?"

"அந்த மெயிலுக்கு அடியிலதான இருக்கும்."

"மெயில் முகவரி?"

"செல்விக்குத்தான் தெரியும்."

அவர் உட்கார்ந்துவிட்டார். திட்டியிருந்தால் தேவலை. சட்டைப் பையிலிருந்த புதுப் பேனாவை எடுத்து மேசைமேல் வைத்துவிட்டு, ஜன்னல் வழியாக ரிக்கையே பார்த்துக்கொண்டிருந்தார். நித்யா வாசலில் நின்றுகொண்டு, "அடுத்த மாசம் தலை தீவாளிக்கு நான் மட்டும் வாரேம்ப்பா" என்றாள்.

அப்போது பூஜை அறையில் மணி அடித்தது. எங்கள் பேச்சு செல்வியக்கா காதிலும் விழுந்திருக்க வேண்டும், அவர் சொல்வது கேட்டது. "சூடம் காட்டியாச்சுங்களா அம்மா? சாமான எடுத்துக்கட்டுங்களா? போன ஆன் பண்ணிப் பாத்தா அந்த முகவரி இருக்குமுங்க."

ஆபீஸ் போன்! நேற்றிலிருந்து அணைந்து கிடக்கிறது! அதிலும் மாமாவின் கணக்குதான், எல்லா மெயிலும் அப்படியே இருக்கிறது! ஆன் செய்தால் அதுவும் சர்வரைக் கேட்கும்!

எப்படி ஓடினேன் என்று தெரியாது. "ஆன் பண்ணாதீங்க!" என்று கத்திக்கொண்டே ஓடினேன். காலில் செருப்பு. பூஜை அறைக்குள் செருப்போடு நுழைந்து, பொரித் தட்டைத் தள்ளிவிட்டு, செல்வியக்கா கையிலிருந்த போனைப் பிடுங்கினேன். பொரி தரையெல்லாம் சிதறியது. சூடத்தட்டோடு நின்ற அத்தை பேயறைந்த மாதிரி என்னைப் பார்த்தார்.

"ஏனுங்க, இங்க வாங்க! மாப்ள சாமி போனப் புடுங்கறாருங்க!"

"ஆன் பண்ணீங்களாக்கா? சொல்லுங்க, பண்ணீங்களா?"

"இ... இல்லீங்க."

அங்கேயே பொரி மேல் உட்கார்ந்துவிட்டேன். மூச்சு வாங்க வாங்க விஷயத்தைச் சொன்னேன். போன் வெளியே யாரோடும் பேசக் கூடாது, சிம்மைக் கழட்ட வேண்டும், வைஃபையை நிறுத்த வேண்டும் என்றேன். அத்தை தாலிக்கொடியில் மாட்டியிருந்த ஊக்கை எடுத்து நீட்டினார். நான் கை நீட்டினேன்.

"நீங்க இல்லீங்க. போனச் செல்விகிட்டக் குடுங்க" என்றார்.

செல்வியக்கா ஊக்கால் குத்திச் சிம்மை வெளியே எடுத்தார். வைஃபை பெட்டியை நிறுத்த நான் எழுந்தேன். "அத முறைப்..." என்று வாயைத் திறந்தேன். மாமா எனக்கு முன்னால் போய், அதன் ஒயரைச் சுவரிலிருந்து ஒரே இழுப்பில் பிடுங்கினார். "முறைப்படி ஒண்ணும் வேண்டாமுங்க மாப்ள."

போனை ஆன் செய்தார்கள். குங்குமம் ஒட்டிய திரையைச் செல்வியக்கா முந்தானையால் துடைத்தார். மெயில்கள் இருந்தன. ஆப்பிரிக்காக்காரர் இருந்தார், தாள் இருந்தது, அடியில் அவர் போன் நம்பரும் இருந்தது. நித்யா அத்தனையையும் தன் போனில் படமெடுத்தாள். செல்வியக்கா தாளை ஒயர் வழியாகக் கம்ப்யூட்டருக்கு மாற்றிப் பிரிண்ட் எடுத்தார். மாமா கிழக்கே பார்த்து நின்று கையெழுத்துப் போட்டார். அனுப்புவதற்குப் பழைய இலவச மெயிலில் இடம் வேண்டுமே? செல்வியக்கா பாறைத்தூள் படங்களை அழித்தார். முதல் நாளே செய்திருக்க வேண்டிய வேலை, ஐந்து நிமிஷம்கூட ஆகவில்லை.

வண்டி கப்பலேறியது. பக்கவாட்டில் என் மெயில் முகவரியோடுதான் ஏறியது. இன்றைக்கும் எங்கோ ஒரு கிராமத்தில் யாராவது அதற்கு எழுதிப் பார்த்துக்கொண்டிருக்கலாம்.

இதோடு விட்டிருந்தால் பரவாயில்லை. விஜயதசமியன்று மத்தியானம் சாப்பிடும்போது என் வாய் சும்மா இருக்கவில்லை. "நேத்து டிரில்லர் சொன்ன மாதிரி வெறுமனே ஒயரப் புடுங்கியிருந்தா ஒண்ணும் அழிஞ்சிருக்காதுங்க. நான் முறைப்படி இறக்குனதாலதான் போச்சு" என்று விளக்கினேன். முதலில் சிரித்தது அத்தைதான்.

அந்தச் சிரிப்பு இன்னும் நிற்கவில்லை. மல்லசமுத்திரம் போனால் மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு எனக்குத் தூக்கம் வரும். போன ஆயுத பூஜைக்கும் கூடத்தில் டேபிள் ஃபேனுக்கு முன்னால் தூங்கிவிட்டேன். அரைத் தூக்கத்தில் பேச்சு கேட்டது.

"அப்பா, காபி ஆறுது, அவர எழுப்பட்டுமா?"

"எழுப்பாத சாமி. நீ முறைப்படி எழுப்புனீன்னா எந்திரிக்கறப்ப ஒண்ணும் ஞாபகம் இருக்காது. இரு, நான் வாரேன்."

அவர் நடந்து வருவதும், டேபிள் ஃபேன் ஒயரைச் சுவரிலிருந்து பிடுங்குவதும் கேட்டது. காற்று நின்றது. வேர்த்து விழித்துப் பார்த்தேன். மாமா, அத்தை, செல்வியக்கா, நித்யா எல்லோரும் என்னைச் சுற்றிக் குனிந்து நின்றார்கள். என் நெற்றியில் ஈரமாக ஏதோ இருந்தது. தொட்டுப் பார்த்தேன், சந்தனம்.

மாமா ஒயரைக் கையில் பிடித்தபடியே கேட்டார்:

"நாங்கெல்லாம் யாருன்னு தெரியுதுங்களா மாப்ள?"