கால்புள்ளியார் காலி செய்த அலமாரி

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, பல் துலக்கிய பிரஷ்ஷைக்கூடக் கீழே வைக்காமல், கால்புள்ளியார் மாபெரும் தீர்மானம் ஒன்றுக்கு வந்தார். இளைஞர் நாவல் என்ற இனத்தையே பூண்டோடு ஒழித்துக்கட்டுவது.

கால்புள்ளியார் என்பது பெற்றோர் வைத்த பெயர் அல்ல. அச்சகத்துக்காரர்கள் வைத்தது. இருபத்திரண்டு வருஷமாக அங்கே புரூஃப் பார்க்கிறார். மாத்திரைப் பெட்டிக்குள் எட்டாக மடித்து வைக்கும் துண்டுத்தாளாகட்டும், நீதிமன்றத் தீர்ப்புத் தொகுதியாகட்டும், அவருடைய சிவப்புப் பேனாவிடம் அகப்படாமல் எதுவும் வாசலைத் தாண்டியதில்லை. கல்யாணமான புதிதில் மனைவி ஊரிலிருந்து எழுதிய முதல் கடிதத்தைத் திருத்தித் திருப்பி அனுப்பியவர். இரண்டாவது கடிதம் இன்றுவரை வரவில்லை.

அப்பேர்ப்பட்டவருக்கு நாவல்கள் மேல் என்ன கோபம்? பதினைந்து வயது மகள் மூன்று வாரமாக அவரோடு பேசவில்லை. எதைக் கேட்டாலும் "ம்" என்பாள். அவ்வளவுதான். "ம்" என்பது வெறும் ஒற்று, அதில் உயிர் கிடையாது என்பது தெருவிலேயே அவருக்குத்தான் நன்றாகத் தெரியும். அதனால் மற்றவர்களை விட அதிகமாக வலித்தது.

"எல்லாம் அந்தப் புத்தகங்களாலதான்," என்றார் மனைவியிடம். "அதுல வர்ற பிள்ளைங்க மூணாம் அத்தியாயத்துலயே பெத்தவங்களோட பேச்சை நிறுத்திடுது."

"நீங்க படிச்சீங்களா?"

"படிக்க வேற வேணுமா? அட்டையைப் பாரு. ஒரு பொண்ணு முதுகைக் காட்டிட்டு நிக்கறா."

"மூணு வாரம் முன்னாடி நம்ம பொண்ணு உங்ககிட்ட ஒரு தாளைக் கொண்டுவந்து காட்டினாளே, ஞாபகம் இருக்கா?"

இருந்தது. தெருமுனை நூலகத்தில் வாசகர் கருத்துகளை ஒட்டுவதற்கு ஒரு பலகை உண்டு. சமீபத்தில் படித்த நாவலைப் பற்றி மகள் ஒரு பக்கம் எழுதி, "எப்படி இருக்குப்பா?" என்று நீட்டினாள். பத்தே நிமிஷத்தில் திருப்பிக் கொடுத்தார். தாள் முழுக்கச் சிவப்பு. அவள் அதை நான்காக மடித்து மேசை இழுப்பறைக்குள் வைத்து மூடினாள். அதோடு வாயையும்.

"இலவசமாத் திருத்திக் கொடுத்தேன். அதுக்கும் இதுக்கும் என்ன சம்பந்தம்?" என்றார்.

மனைவிக்குப் பல் மருத்துவமனையில் வரவேற்பு மேசை வேலை. வாயைத் திறக்கவே மாட்டேன் என்று வருகிறவர்களைச் சிரித்துப் பேசியே நாற்காலியில் மல்லாத்தி விடுவாள்.

"சரிங்க, ஒழிச்சிடலாம்," என்றாள். "ஆனா படிக்காம ஒழிச்சா நாளைக்கு நாலு பேர் நாக்கு மேல பல்லைப் போட்டுப் பேசுவாங்க. நீங்க நாலு நாவல் படிங்க. ஒவ்வொண்ணுக்கும் கருத்து எழுதுங்க. நான் நூலகத்துல கொடுக்கறேன்."

"கொடுத்தா?"

"நீங்க எழுதி, அந்த அலமாரி காலியாகாம இருக்குமா?"

புகழ்ச்சி வரும் வாக்கியத்தில் மட்டும் அவர் பிழை பார்ப்பதில்லை. ஒப்புக்கொண்டார்.

ஒரு சிக்கல் இருந்தது. அச்சகத்தில் புரூஃப் என்பது இரண்டு பேர் வேலை. ஒருவர் மூலத்தை உரக்க வாசிப்பார், புள்ளி காற்புள்ளி உட்பட. மற்றவர் அச்சுத்தாளைக் கண்ணால் தொடர்வார். இருபத்திரண்டு வருஷப் பழக்கத்தில், காதில் ஒரு குரல் விழாவிட்டால் அவருக்கு எழுத்து தெரியும், விஷயம் தெரியாது. நல்லவேளையாக நூலகத்தில் இளைஞர் நாவல்கள் எல்லாம் இரண்டிரண்டு பிரதி. மனைவி இரண்டையும் வாங்கி வந்து, சாயங்காலம் எதிரே உட்கார்ந்து வாசித்தாள். இரண்டு பக்கம் தாண்டுவதற்குள் தொண்டையைப் பிடித்துக்கொண்டாள்.

"முடியலைங்க. நாள் முழுக்க 'அடுத்தது யாரு, அடுத்தது யாரு'ன்னு கத்திக் கத்தித் தொண்டை போச்சு. ஏய், நீ வந்து வாசிடி அப்பாவுக்கு!"

மகள் வந்தாள். முகத்தை உம்மென்று வைத்துக்கொண்டு, அச்சக முறைப்படி, ஒன்று விடாமல் வாசித்தாள்.

"அவன் அவளைப் பார்த்தான் முற்றுப்புள்ளி நீயா காற்புள்ளி இங்கேயா கேள்விக்குறி என்றான் முற்றுப்புள்ளி அவள் அழுதாள் முற்றுப்புள்ளி முற்றுப்புள்ளி முற்றுப்புள்ளி."

"மூணு புள்ளியா?"

"ம்."

'நிலவில் வீட்டுப்பாடம் கிடையாது' என்ற அந்த நாவலுக்குக் கால்புள்ளியார் எழுதிய கருத்து இது: "கதாநாயகனுக்கு வயது பதினாறு. விண்கலம் ஓட்டுகிறான். உரிமம் யார் கொடுத்தார்கள் என்று ஆசிரியர் சொல்லவில்லை. செவ்வாய்க்கிழமை புறப்பட்டு, மூன்று நாள் பயணம் செய்து, திங்களை அடைகிறார்கள். கிழமை பின்னால் போகிறது. நூலின் ஒரே நன்மை, முடிந்துவிடுகிறது."

மனைவி வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். பத்திரமாகக் கைப்பையில் வைத்துக்கொண்டு போனாள்.

இரண்டாவது, 'ஏழாம் மாடி இளவரசி'. நூற்றுப் பன்னிரண்டாம் பக்கத்தில் நாயகி தன் அப்பாவோடு பேசுவதை நிறுத்தினாள். கால்புள்ளியார் பேனாவைத் தூக்கினார்.

"நிறுத்து. அந்த அப்பா என்ன தப்புப் பண்ணினார்?"

மகள் புத்தகத்திலிருந்து தலையைத் தூக்காமல் சொன்னாள்: "அவ போட்டிக்கு ஒரு படம் வரைஞ்சு காட்டினா. அவர் ஓரம் கோணலா இருக்குன்னார்."

"கோணலா இருந்துதா இல்லையா?"

"இருந்தது."

"அப்ப சரியாத்தானே சொல்லியிருக்கார்? அப்புறம் என்ன சொன்னார்?"

"அப்புறம் ஒண்ணும் சொல்லலை."

இத்தனை வாரங்களில் இவ்வளவு நீளமாக அவள் பேசியதே இல்லை என்பது அவருக்குத் தாமதமாக உறைத்தது. இன்னும் பேச வைக்கும் ஆசையில், கருத்தை எழுதி முடித்ததும் அவளிடமே நீட்டினார். "மூன்றாம் அத்தியாயத்தில் அந்தக் கட்டடத்துக்கு லிஃப்ட் இருக்கிறது. ஒன்பதாம் அத்தியாயத்தில் நாயகி ஏழு மாடியும் படியேறுகிறாள். லிஃப்ட் எங்கே போயிற்று? மொத்தம் இருபத்தேழு முறை அழுகிறாள். அப்பா தரப்பு விசாரிக்கப்படவே இல்லை."

"உங்களுக்குப் பிடிச்சுதா இல்லையான்னே எழுதலையே," என்றாள்.

"பிடிச்சதுங்கறது பிழை இல்லையே. அதுக்கு என்ன குறி போடறது?"

அவள் அவரையே ஒரு நிமிஷம் பார்த்தாள். உதட்டோரம் லேசாக அசைந்ததுபோல் இருந்தது. அப்புறம் அந்தத் தாளைத் தானே எடுத்துக்கொண்டு போய் அம்மாவிடம் கொடுத்தாள்.

மூன்றாவது நாவலைப் பற்றி அவர் எழுதியதில் ஒரு வாக்கியம், "நாய் இறக்கும் இடம் தேவையற்றது, என்னால் காலையில் அச்சகத்தில் சரியாக வேலை பார்க்க முடியவில்லை" என்று இருந்தது. நான்காவது, 'மூவரும் ஒரு மிதிவண்டியும்'. அதற்காக அவர் அச்சகத்திலிருந்து அரை மணி முன்னதாகவே கிளம்பி வந்தார். திருடுபோன சைக்கிள் கிடைக்குமா என்ற பதற்றத்தில் பேனாவின் மூடியைத் திறக்கவில்லை. மகள் புள்ளிகளைச் சொல்லாமல் வாசிக்க ஆரம்பித்து நாலு நாள் ஆகியிருந்தது. அதையும் அவர் கவனிக்கவில்லை. ஆனால் புத்தகத்தை மூடியதும் பேச்சும் மூடிக்கொள்ளும். எழுந்து நேராக அம்மாவிடம் போய்விடுவாள். சமையலறையிலிருந்து கலகலவென்று குரல் கேட்கும். கால்புள்ளியார் கூடத்தில் தனியாக உட்கார்ந்து அதைக் கேட்டுக்கொண்டிருப்பார்.

இறுதி அத்தியாயம் ஒன்றுதான் பாக்கி என்ற நிலையில் ஒரு சனிக்கிழமை, தன் எழுத்தின் விளைவைப் பார்த்து வரலாம் என்று நூலகத்துக்குப் போனார்.

இளைஞர் அலமாரி காலி. ஐந்து தட்டும் சுத்தம். தூசி மட்டும் செவ்வகம் செவ்வகமாக மிஞ்சியிருந்தது.

கால்புள்ளியார் தொண்டையைச் செருமிக்கொண்டு நூலகரம்மாவிடம் போனார். "அலமாரியைக் காலி பண்ணிட்டீங்க போல. நல்ல முடிவு. அந்தக் கருத்தெல்லாம் எழுதினது நான்தான்."

"ஐயோ, நீங்கதானா சார்!" அந்தம்மா எழுந்தே விட்டார். "எல்லாப் புத்தகமும் வெளிய போயிருக்கு சார். உங்க கருத்தை ஒட்டின நாள்லேருந்து பசங்க மொய்க்கறாங்க. இந்த மனுஷர் இவ்வளவு திட்டறார்னா உள்ள என்னமோ இருக்குன்னு அடிச்சிக்கிட்டுப் படிக்கறாங்க. நிலாப் புத்தகத்துக்கு முப்பத்தோரு பேர் காத்திருக்காங்க. ரெண்டு பிரதி எங்க போதும்? எல்லாத்துலயும் இன்னும் ஆறு ஆறு கேட்டு எழுதிட்டேன்!"

இனத்தையே ஒழிக்கப் புறப்பட்டவர், அதை நாலு மடங்காகப் பெருக்கிவிட்டிருந்தார்.

பலகை பக்கம் போனார். நடுவில் அவருடைய கருத்துகள். சுற்றிலும் பிள்ளைகள் எழுதி ஒட்டிய மறுப்புகள். அவற்றில் ஒன்று தெரிந்த கையெழுத்து.

"திருத்தக்காரர் லிஃப்டைக் கவனித்திருக்கிறார். அவள் ஏன் படியேறினாள் என்பதைக் கவனிக்கவில்லை. லிஃப்டில் ஏறினால் சீக்கிரம் வீடு வந்துவிடும்."

இரண்டு முறை படித்தார். யாரும் உரக்க வாசிக்காமலே விஷயம் விளங்கியது. இரண்டாவது வாக்கியத்தில் ஓர் எழுத்துக்குப் புள்ளி விட்டுப்போயிருந்தது. கை தானாகச் சட்டைப்பைக்குப் போய்ப் பேனாவை எடுத்தது. கொஞ்ச நேரம் அந்தரத்தில் பிடித்திருந்தார். பிறகு அதைத் திரும்பப் பைக்குள் செருகினார்.

"பாத்தாச்சா?" பின்னால் மகள்.

"ம்," என்றார்.

"எப்படி இருக்கு?"

நீதிமன்றத் தீர்ப்பையே திருத்தியவர் பைக்குள்ளிருந்த பேனாவை இன்னும் ஆழமாக அழுத்திக்கொண்டார். "எனக்கு அது தோணவே இல்லைம்மா. லிஃப்ட் வேற, அவ வேறன்னு நினைச்சுட்டேன். நீ நல்லா எழுதியிருக்கே. நிஜமாவே நல்லா இருக்கு. அந்த முதல் தாளையும் கொடு. நான் அதைப் படிக்கவே இல்லை, திருத்த மட்டும்தான் செஞ்சேன்."

"ரெண்டாவது வரில ஒரு புள்ளி விட்டுப்போச்சுப்பா. ஒட்டினப்புறம்தான் பாத்தேன்."

"கிடக்கட்டும் விடு," என்றார் கால்புள்ளியார், பிறந்ததிலிருந்து முதல் முறையாக.

அடைப்பு நீங்கியது. நூலக வாசலில் தொடங்கிய பேச்சு தெருவைக் கடந்து, வீட்டுப் படியேறி, செருப்பைக் கழற்றும்போதும் நிற்கவில்லை. கணக்கு வாத்தியாரின் கண்ணாடி, தோழியின் துரோகம், அந்தத் தோழியின் தோழியின் நியாயம், அவள் தனியாகப் படித்த ஒரு நாவலில் வரும் கடல், அதில் மூழ்காத படகு. அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டே கேட்டுவந்தார்.

கூடத்தில் உட்கார்ந்திருந்த மனைவியை முறைத்தார். "அலமாரி காலியாகும்னு சொல்லி என்னை நல்லா ஏமாத்திட்டே!"

"காலியாச்சா இல்லையா?"

"ஆச்சு."

"பொண்ணு பேசறாளா இல்லையா?"

"பேசறா. மூச்சு விடாம பேசறா," என்றார், பெருமை தாங்காமல். "எல்லாம் என்மேல உள்ள அக்கறையில நீ செஞ்சது. எனக்குப் புரியாம இல்லை."

மனைவி எழுந்தாள். மேசை மேலிருந்து 'மூவரும் ஒரு மிதிவண்டியும்' நாவலின் இரண்டு பிரதிகளையும், சைக்கிள் கிடைத்ததா இல்லையா என்று அவருக்குத் தெரியாத அந்த இறுதி அத்தியாயத்தோடு, எடுத்துக்கொண்டாள்.

"ரெண்டு மாசமா உங்க பங்கையும் சேர்த்து நானே கேட்டு என் காது ஓஞ்சுபோச்சுங்க. இனி நீங்க கேளுங்க, நான் நிம்மதியாப் படிக்கறேன்," என்று சொல்லிவிட்டு, உள்ளே போய்க் கதவைத் தாழிட்டுக்கொண்டாள்.