அம்மாவுக்குப் பின்னால் ஒரு ஸ்கூட்டர்

"இந்தத் தையல் யாரு போட்டது?" என்று கேட்டாள் அம்மா.

மகன் நீட்டிய போனில் ஒரு முழங்கால் இருந்தது. போன வருஷம் பெரிய ரேஸ் பார்க்க பைக்கில் கிளம்பி, வழியில் லாரிக்கும் தடுப்புச் சுவருக்கும் நடுவில் புகுந்து பார்த்த ஒருவனுடைய முழங்கால். அதைப் பார்த்தால் அம்மா பயந்து பயணத்தை விட்டுவிடுவாள் என்று மகன் நம்பினான். அம்மா இரண்டு விரலால் படத்தைப் பெரிதாக்கினாள்.

"ஒண்ணு நீளம், ஒண்ணு குட்டை. நூலை இழுத்துப் பிடிக்கவே இல்ல. என் கடையில இப்படித் தைச்சா சீட்டைத் தூக்கி மூஞ்சியிலேயே எறிஞ்சிட்டுப் போவாங்க."

அம்மாவுக்குத் தொழில் பைக் சீட்டுக்கு உறை தைப்பது. மகனுக்கு ஆஸ்பத்திரியில் மாவுக்கட்டுப் போடும் வேலை. "நம்ம ரெண்டு பேருக்கும் வாடிக்கையாளர் ஒரே ஆளுங்கதான். முதல்ல உன்கிட்ட வர்றாங்க, அப்புறம் என்கிட்ட வர்றாங்க" என்று அவன் அடிக்கடி சொல்வான். ரேஸ் வாரம் வந்தால் ஆஸ்பத்திரியில் மாவு மூட்டை கூடுதலாக இறக்குவார்கள். இத்தனை வருஷத்தில் ரேஸ் மைதானத்துக்குள் அடிபட்ட ஒருவனைக்கூட அவன் பார்த்ததில்லை. வந்தவர்கள் எல்லாரும், ரேஸ் பார்க்கப் போகிற வழியிலேயே ரேஸ் விட்டவர்கள்.

அந்த வழியில்தான் அம்மா போகப்போகிறாளாம். ஐம்பது வயதுக்கு மேல் வண்டி ஓட்டக் கற்றுக்கொண்டவள். வாடிக்கையாளர்கள் ஐந்து பேர் "அக்கா, நீங்களும் வாங்க" என்று கூப்பிட்டுவிட்டார்கள்.

"ரயில்ல போயேன்மா."

"ரயில்ல போய் என்னத்தப் பார்க்க? நான் தைச்ச சீட்டு அஞ்சு போகுது. தூரப் பயணத்துல எப்படி உட்காருதுன்னு தெரிய வேண்டாமா?"

மறுநாள் அவன் ஆஸ்பத்திரியிலிருந்து ஒரு பை நிறையக் கொண்டுவந்தான். முழங்காலுக்குப் பட்டை, முழங்கைக்குப் பட்டை, இடுப்புக்கு அகலமான பெல்ட், கழுத்துக்கு ஒரு கெட்டி வளையம். எல்லாவற்றையும் மாட்டி, மேலே ஜாக்கெட்டும் போட்டுவிட்டான். அம்மா ஒரு அடி எடுத்து வைத்தாள். அடுத்த அடி வரவில்லை. மெதுவாகச் சாய்ந்து சோபாவில் விழுந்தாள்.

"எந்திரிம்மா."

"எப்படிடா? பீரோ மாதிரி ஆக்கிட்டியே."

கழற்றும்போது இடுப்பு பெல்ட் கொக்கி மாட்டிக்கொண்டது. கத்திரிக்கோலால் வெட்ட வேண்டியதாயிற்று. அது ஆஸ்பத்திரி பெல்ட். அதற்கு அவன் திங்கட்கிழமை பதில் சொல்ல வேண்டும்.

"சரி, அறுபதுக்கு மேல போகமாட்டேன்னு சொல்லு."

"போகமாட்டேன்."

பேரம் பேசாமல், முகம் சுளிக்காமல் சொல்லிவிட்டாள். அதுதான் அவனுக்கு உதைத்தது. அப்பா போன பிறகு அந்த வீட்டில் இருப்பது இரண்டே பேர். அதில் ஒருவர் இப்படிச் சட்டென்று ஒத்துக்கொண்டால் மற்றவருக்குத் தூக்கம் எப்படி வரும்?

"சனிக்கிழமை எனக்கு டியூட்டி. உன்னை வழியனுப்பக்கூட முடியாது" என்றான், சுவரைப் பார்த்துக்கொண்டு.

"பரவாயில்லடா. நீ பத்திரமா போயிட்டு வா" என்றாள் அம்மா.

ஆஸ்பத்திரியில் ரத்தம் எடுக்கிற அக்காவிடம் ஒரு ஸ்கூட்டர் இருந்தது. ரோஸ் நிறம்.

"உனக்கு ஓட்டத் தெரியுமா?" என்று கேட்டாள் அவள்.

"லைசென்ஸ் இருக்குக்கா."

"நான் அதைக் கேட்கலையே."

ஆனாலும் சாவியைக் கொடுத்தாள். நல்ல மனசு.

சனிக்கிழமை காலை, நீளமான பச்சை மழைக்கோட்டும் கறுப்புக் கண்ணாடி போட்ட ஹெல்மெட்டுமாக அவன் தெருமுனையில் ஒளிந்து நின்றான். கடைக் கண்ணாடியில் தன்னைப் பார்த்தபோது அவனுக்கே அடையாளம் தெரியவில்லை. திருப்தியாக இருந்தது. ஆறு வண்டிகளும் கிளம்பின. அம்மா நடுவில். கடைசி வண்டியில் ஒரு தாடிக்காரர். போதுமான இடைவெளி விட்டு, ஒன்றன் பின் ஒன்றாக ஒழுங்காகப் போனார்கள். அவன் மட்டும்தான் ஆடி ஆடிப் போனான்.

நெடுஞ்சாலைக்கு வந்ததும் பின்னாலிருந்து ஒரு பட்டாளம் உறுமிக்கொண்டு வந்தது. ரேஸுக்குப் போகிற பையன்கள். அம்மாவை இடித்துவிடுவார்களே என்று பதறி, அவன் ஸ்கூட்டரைச் சாலையின் நடுவுக்குக் கொண்டுபோய், ஒரு கையை அகல விரித்துத் தடுத்தான்.

"யோவ் பெரிசு! ஓரமா போய்யா!"

அவனுக்கு முப்பத்திரண்டு வயசுதான். அதைச் சொல்லலாம் என்று வாயைத் திறப்பதற்குள் ஸ்கூட்டர் சாலையை விட்டு இறங்கிச் சேற்றில் செருகி நின்றது. பட்டாளம் அம்மாவின் கூட்டத்தை ஒதுங்கித் தாண்டிப் போய்விட்டது. அதைச் சேற்றில் நின்றபடியே பார்த்தான்.

தள்ளி, இழுத்து, மேலே ஏற்றுவதற்குள் மூச்சு வாங்கிவிட்டது. இனி அவர்களை எங்கே பிடிப்பது? ஆனால் அடுத்த வளைவிலேயே ஆறு வண்டிகளும் மரநிழலில் நின்றன. யாரோ டயரை அழுத்திப் பார்த்துக்கொண்டிருந்தார். நல்லவேளை, காற்று இறங்கியிருக்கிறது என்று நினைத்துக்கொண்டான்.

மறுபடி கிளம்பிக் கொஞ்ச தூரம் போவதற்குள் மழைக்கோட்டில் காற்றுப் புகுந்தது. பின்பக்கம் குடை மாதிரி விரிந்து, அப்படியே தலைக்கு மேல் புரண்டு, முகத்தை மூடியது. பச்சையைத் தவிர உலகத்தில் ஒன்றுமே தெரியவில்லை. தட்டுத்தடுமாறி நிறுத்தி, கோட்டை பேண்டுக்குள் திணித்து நிமிர்ந்தபோது சாலை காலியாக இருந்தது. அவன் பயந்துபோய் ஸ்கூட்டரை முடுக்கினான். அது தன் வாழ்நாளில் போகாத வேகத்தில் போனது.

போலீஸ்காரர் கை காட்டினார்.

"ரேஸ் அங்கதான தம்பி நடக்குது? இங்க எதுக்கு ஓட்டுற? வீட்டுல அம்மா இருக்காங்கல்ல?"

"வீட்டுல இல்ல, சார்."

"எங்க?"

"முன்னாடியே போயிட்டாங்க."

போலீஸ்காரர் தொப்பியைக் கழற்றினார். "எப்படிப்பா?"

"பைக்ல, சார்."

தொப்பியை நெஞ்சோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டார். பிறகு அவன் தோளில் கை வைத்தார். "அதைப் பார்த்துமா இப்படி ஓட்டுற? அவங்க ஆத்மா என்ன பாடுபடும்? போ... மெதுவா போ."

உண்மையைச் சொல்ல நேரமில்லை. சொன்னால் அபராதமும் உண்டு. அம்மா நூறு வயசு இருக்கட்டும் என்று மனதுக்குள் சொல்லிக்கொண்டு கிளம்பினான்.

இந்தத் தடவை அவர்கள் டீக்கடையில் இருந்தார்கள். டம்ளர்கள் எப்போதோ காலியாகிவிட்டன. அம்மா யாரோடும் பேசாமல் சாலையையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். களைத்துவிட்டாள் போல. பாவம், இந்த வயசில் இதெல்லாம் தேவையா என்று அவன் பரிதாபப்பட்டான். அவளைப் பார்த்துக்கொண்டே போனதில் எதிரில் இருந்த பெட்ரோல் பங்க் கண்ணில் படவில்லை.

ஆகவே, வெயில் உச்சிக்கு ஏறிய நேரத்தில், ஆளில்லாத பாலத்தில் ஸ்கூட்டர் இருமி நின்றது. தள்ளிக்கொண்டு நடந்தான். வியர்வை மழைக்கோட்டுக்குள்ளேயே மழையாகப் பெய்தது. எதிரே ஒரு வண்டி திரும்பி வந்தது. தாடிக்காரர்.

"பெட்ரோல் காலியா?" என்றார், பார்த்ததுமே. பையிலிருந்து ஒரு குழாயை எடுத்துத் தன் டேங்கிலிருந்து அவன் டேங்குக்கு இறக்கினார். ஒரு பன்னையும் தண்ணீரையும் கையில் வைத்தார்.

"உங்களுக்கு எதுக்குங்க சிரமம்?" என்றான் அவன், குரலைக் கட்டையாக்கிக்கொண்டு. குரல் அம்மா வரைக்கும் போய்விடக் கூடாதே.

"இருக்கட்டும். முன் பிரேக்கை மட்டும் தனியாப் பிடிக்காதீங்க. ரெண்டையும் சேர்த்துப் பிடிங்க. வண்டி உங்களைக் கீழ தள்ளாது."

அதன் பிறகு வண்டி ஆடவில்லை. பன்னும் நன்றாக இருந்தது.

மைதானத்துக்கு வந்து சேர்ந்தபோது கூட்டம் உள்ளேயிருந்து வெளியே வந்துகொண்டிருந்தது. ரேஸ் முடிந்துவிட்டது. காலி பாட்டில்களைப் பொறுக்கிக்கொண்டிருந்தார்கள். வாசலுக்குப் பக்கத்தில் அம்மா ஹெல்மெட்டைக் கழற்றினாள். தலைமுடி அப்படியே அப்பியிருந்தது. ஆனால் சிரித்துக்கொண்டிருந்தாள். ஒரு கீறல் இல்லை. இரண்டு கை, இரண்டு கால், எல்லாம் நேராக இருக்கிறதா என்று தொழில் கண்ணால் ஒருமுறை சரிபார்த்தான். நேராகத்தான் இருந்தன.

கடை ஓரத்தில் மறைந்து நின்ற அவனுக்குக் கண் கலங்கியது. அம்மாவைப் பத்திரமாகக் கொண்டுவந்து சேர்த்தாகிவிட்டது. ரேஸைத்தான் பார்க்க முடியவில்லை, பாவம். எத்தனை ஆசையாகக் கிளம்பினாள்! வழியெல்லாம் காற்று இறங்குவதும், டீ குடிப்பதும், நிற்பதுமாக இப்படியா ஒரு கூட்டம் அமையும்?

தாடிக்காரர் வண்டியை அவன் பக்கத்தில் நிறுத்தினார். அவனுக்குப் பொறுக்கவில்லை.

"ஏங்க, இவ்வளவு தூரம் வந்து ரேஸைக் கோட்டை விட்டுட்டீங்களே. வழியில அத்தனை இடத்துல நின்னீங்க. உங்க வண்டியிலெல்லாம் அப்படி என்னதான் கோளாறு?"

தாடிக்காரர் கையுறையைக் கழற்றிக்கொண்டே அவனை ஏற இறங்கப் பார்த்தார்.

"எங்க வண்டியில ஒரு கோளாறும் இல்ல, தம்பி. 'என் பையன் எனக்குத் தெரியாம பின்னாடி வர்றான், அவனுக்கு வண்டி ஓட்ட வராது, ரேஸ் போனாப் போகட்டும், அவன் பத்திரமா வந்து சேர்ற வேகத்துலதான் நாம போகணும்'னு அக்கா கிளம்பும்போதே சொல்லிட்டாங்க."